பின்லாந்து 1939–40: ‘மொத்தி’ வளையம் ராத்தேயில் பலித்தது, கூஹ்மோவில் ஏன் பலிக்கவில்லை?

வரைபடப்பித்தன்:
குளிர்காலப் போரை (1939–40இல் சோவியத் பின்லாந்தின்மீது படையெடுத்தது) பற்றிப் படிக்கும்போது இரண்டு இடத்தில் இடறுகிறது. சோவியத்தின் 44ஆவது டிவிஷனை ஜனவரி முதல் வாரத்தில் ராத்தே சாலையில் துண்டு துண்டாக நறுக்கிய அதே ஃபின்னிஷ் தளபதி சீலஸ்வுவோதான், ஜனவரிக் கடைசியில் கூஹ்மோவுக்குப் போய் 54ஆவது டிவிஷனை வளைத்தார். போர் முடிகிற நாள்வரை அதை முடிக்க முடியவில்லை. தளபதி அதே ஆள், உத்தியும் அதே மொத்தி, அதாவது எதிரியை வளைத்துத் துண்டாடுவது. வித்தியாசம் எங்கே?

அடுத்தது, 1939 அக்டோபரில் ஸ்டாலின் கேட்டதைவிட 1940 மார்ச்சில் பின்லாந்து இழந்தது அதிகம். அப்படியானால் 105 நாள் எதிர்த்து நின்றதில் கிடைத்தது என்ன? வீர வசனம் வேண்டாம், கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குறிபார்த்துச் சுடும் சிமோ ஹாய்ஹா கதையும் வேண்டாம், யூடியூப் முழுக்க அதுதான் ஓடுகிறது.

காட்டுத்தடம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

மொத்தி என்பது ஃபின்னிஷ் மொழியில் வெட்டி அடுக்கிய விறகின் ஒரு கன மீட்டர். நம்மூர் ‘மொத்து மொத்துன்னு மொத்தினான்’ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பொருத்தமாக மட்டும் இருக்கிறது. மரத்தை அளவாக வெட்டி அடுக்கிவிட்டால் பிறகு நிதானமாக எரித்துக்கொள்ளலாம் என்பதுதான் கருத்து. எல்லோரும் பேசுவது வெட்டுகிற பகுதியை. கஷ்டமானது எரிக்கிற பகுதி.

ராத்தேயில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் தலையை நிறுத்த வேண்டும். குய்வஸ்யார்வி, குவோமஸ்யார்வி என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய மேட்டில் இரண்டே கம்பெனிகள், சுமார் 350 பேர், சாலையை அடைத்தார்கள். பின்னால் வந்த டிவிஷன் முழுவதும் ஒரே சாலையில் எல்லைவரை நீண்டு நின்றுவிட்டது. டாங்கி, லாரி, குதிரை, சமையல் வண்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்று. இருபுறமும் இடுப்பளவு பனி. சறுக்குப்பலகை இல்லாதவன் சாலையைவிட்டு நூறு மீட்டர்கூட விலக முடியாது.

அடுத்தது பனித்தடம் போடுவது. இதைத்தான் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாலைக்கு இணையாக, காட்டுக்குள் சில கிலோமீட்டர் தள்ளி, முதலில் சறுக்குவீரர்கள் போய்ப் பனியை மிதித்து அமுக்குவார்கள். அதன்மேல் ‘அஹ்கியோ’ எனும் படகு வடிவ இழுவை போகும். அதை மூன்று பேர் இழுப்பார்கள். இயந்திரத் துப்பாக்கி முன்னே போகும், காயம்பட்டவன் அதிலேயே திரும்பி வருவான். அந்தத் தடம் இரவுக் குளிரில் இறுகிவிட்டால் மறுநாள் குதிரைச் சறுக்குவண்டி ஓடும், பீரங்கியும் வரும். இந்தத் தடம் இல்லாமல் தாக்கினால் இரண்டு நாளில் தோட்டாவும் தீரும், சாப்பாடும் தீரும்.

தடத்தின் ஓரத்தில் இருபது பேர் தங்கும் கூடாரம், உள்ளே விறகடுப்பு. தாக்குகிறவர்கள் முறை வைத்து வந்து காய்ந்துகொண்டு, தூங்கி எழுந்து போவார்கள். மைனஸ் 30, 40 டிகிரியில் சண்டையைத் தீர்மானிப்பது இதுதான். வளைக்கப்பட்டவன் தீ மூட்டினால் சுடப்படுவான், மூட்டாவிட்டால் உறைவான்.

வெட்டு விழுவது சாலையில் சில நூறு மீட்டரில்தான். இருட்டில் சுவோமி கேபி-31 சப்மெஷின் துப்பாக்கி ஏந்தியவர்கள் (70 தோட்டா டிரம்) இருபுறமும் துடைத்துக்கொண்டு போக, பின்னால் வரும் சாப்பர்கள் (ராணுவப் பொறியியல் வீரர்கள்) மரங்களைச் சாய்த்து, கண்ணிவெடி புதைத்து, பாலத்தைத் தகர்ப்பார்கள். உடனே இரண்டு பக்கமும் திரும்பிக் குழி வெட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த சில மணி நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் டாங்கி வரும். சமையல் வண்டிகளையும் குதிரைகளையும் முதலில் குறிவைத்தார்கள். சூடான சாப்பாடு நின்றால் மற்றதெல்லாம் தானாக நிற்கும்.

இப்போது கூஹ்மோ. ராத்தேயில் 44ஆவது டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு, அணிவகுப்பாகவே மாட்டிக்கொண்டது. அரண் போட்டுக்கொள்ள நேரமில்லை. 54ஆவதுக்கு நேரம் கிடைத்தது. டாங்கிகளைக் கழுத்தளவு புதைத்துக் காவல்கூடமாக்கினார்கள், மரக்கட்டையால் பதுங்குகுழி கட்டினார்கள், விமானம் சாப்பாடு போட்டது. அதை உடைக்கக் கனரகப் பீரங்கி வேண்டும், அது பின்லாந்திடம் இல்லை. லடோகா ஏரிக்கு வடக்கே கிதிலா மொத்தியிலும் இதே கதை. அங்கே ஏரிப் பனிமீதே சோவியத்தின் 168ஆவது டிவிஷனுக்குச் சரக்கு வந்தது. அதே பகுதியில் கிழக்கு லெமெத்தி மொத்தியை பிப்ரவரிக் கடைசியில் முடித்தார்கள், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அரைவட்டம்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முடியாத மொத்தி, வளைத்தவனுக்கும் சிறை. கூஹ்மோவிலும் லடோகா வடக்கிலும் காவல் காத்து நின்ற பட்டாலியன்கள் கரேலியக் குறுநிலத்துக்கு (பின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் நடுவே உள்ள நிலச்சந்தி) தேவைப்பட்டவை. போர் அங்கேதான் முடிவானது.

போர் தொடங்கியபோது பின்லாந்தின் கையிருப்பு இது. துப்பாக்கித் தோட்டா சுமார் இரண்டு மாதத்துக்கு. இலகு பீரங்கிக் குண்டு 21 நாள். 122 மி.மீ. பீரங்கிக் குண்டு 24 நாள். கனரகம் 19 நாள். விமான எரிபொருள் ஒரு மாதம். டாங்கி எதிர்ப்புக்கு 37 மி.மீ. போஃபோர்ஸ் நூறு சொச்சம்.

பிப்ரவரியில் குறுநிலத்தில் சோவியத் தளபதி திமோஷென்கோ செய்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். பகல் முழுக்கக் குண்டுவீச்சு. இரவில் ஃபின்கள் பதுங்குகுழிகளைச் செப்பனிடுவார்கள், அதனால் தூக்கமில்லை. மறுபடி பகல். ஃபின்னிஷ் பீரங்கிகள் குண்டை எண்ணிச் சுட்டதால், சோவியத் பீரங்கிகள் பயமில்லாமல் முன்னே வந்து கான்கிரீட் கூடங்களின் துளைகளை நேருக்கு நேர் அடித்தன. மன்னர்ஹெய்ம் கோடு (ஃபின்னிஷ் தலைமைத் தளபதி பெயரில் குறுநிலத்தின் குறுக்கே இருந்த அரண் வரிசை) என்றதும் கான்கிரீட் மதில் என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி மண்ணும் மரக்கட்டையும், முன்னால் கல்வரிசையும். பிப்ரவரி 11 அன்று அந்தக் கோட்டின் லாஹ்தே பகுதியில் ஓட்டை விழுந்தது.

குளிர் யாருக்கு நண்பன் என்பதும் இடத்தைப் பொறுத்தது. ராத்தேயில் காப்பாற்றிய குளிர், விப்புரி விரிகுடாவைக் கெட்டியாக உறைய வைத்தது. மார்ச் தொடக்கத்தில் செம்படை அந்தப் பனிமீது நடந்து மேற்குக் கரையேறி ஹெல்சிங்கி சாலையை நெருங்கியது. பாதுகாப்புக் கோட்டின் ஓரமாகச் சுற்றி வந்துவிட்டார்கள்.

சந்தைக்கடை:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நீங்கள் தவறான இரண்டு எண்களை ஒப்பிடுகிறீர்கள்.

அக்டோபர்க் கோரிக்கை ஹாங்கோ துறைமுகக் குத்தகை, பின்லாந்து வளைகுடாத் தீவுகள், குறுநிலத்தில் எல்லையை நகர்த்துவது. பதிலுக்குக் கிழக்குக் கரேலியாவில் இரண்டு மடங்கு காட்டு நிலம். மன்னர்ஹெய்மே விட்டுக்கொடுக்கச் சொன்ன ஆள்தான், மறுத்தது வெளியுறவு அமைச்சர் எர்க்கோ தரப்பு. அந்த நேரத்தில் அது மட்டுமே விலை என்று நம்ப யாருக்கும் காரணம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

நவம்பர் 30இல் படையெடுப்பு. மறுநாளே எல்லையோர ஊரான தெரியோக்கியில் ஃபின்னிஷ் கம்யூனிஸ்ட் கூஸினென் தலைமையில் ஒரு ‘மக்கள் அரசு’. மாஸ்கோ அதைத்தான் பின்லாந்தின் அரசு என்றது, ஹெல்சிங்கியோடு பேச மறுத்தது. அந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டது முழு நாடு. ஜனவரி 29 அன்று, சோவியத் தூதர் கொல்லொன்தாய் வழியாக ஸ்டாக்ஹோமில் வந்த செய்தியில்தான் ஹெல்சிங்கி அரசோடு பேசத் தயார் என்றது மாஸ்கோ. ராத்தே முடிந்து மூன்று வாரம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் தளங்களுக்கு ஒப்புக்கொண்டு அதே 1939 செப்டம்பர்–அக்டோபரில் கையெழுத்திட்டன. 1940 ஜூனில் மூன்றும் ஆக்கிரமிக்கப்பட்டன.

வரைபடப்பித்தன்:
நன்றி. ஆனால் பால்டிக் நாடுகளோடு நேராக ஒப்பிட முடியுமா? அங்கே ஏற்கெனவே சோவியத் படை உள்ளே உட்கார்ந்திருந்தது.

சந்தைக்கடை:
அதுதான் வித்தியாசமே. அக்டோபரிலேயே பின்லாந்து ‘கூடுதல் புத்தாக்கப் பயிற்சி’ என்ற பெயரில் ரிசர்வ் படையை அழைத்துவிட்டது. அணிதிரட்டல் என்று அறிவிக்கவில்லை, வேலை அதேதான். 1934இல் ராணுவ மாகாணங்களாகப் பிரித்து வைத்திருந்ததால் ஒவ்வொரு ஊரும் தன் படைப்பிரிவைத் தானே எழுப்ப முடிந்தது. போர் தொடங்கும்போது ஆட்கள் பல வாரமாகக் களத்தில் இருந்தார்கள், அகழி வெட்டிக்கொண்டு.

அரைவட்டம்:
ஒரு திருத்தம். இழப்புக் கணக்கு போடும்போது ஹாங்கோவைக் கூடுதலாகச் சேர்க்காதீர்கள், அது அக்டோபர்ப் பட்டியலிலும் இருந்தது. கூடுதல் என்றால் விப்புரி நகரம், லடோகா கரேலியா, வடக்கே சல்லா. அங்கிருந்து வெளியேறிய நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள், அதாவது மக்கள்தொகையில் எட்டில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. மாற்று நிலம் எதுவும் இந்த முறை இல்லை.