வில்லுக்கு ஓசேஜ் ஆரஞ்சு: நாற்றை ஏற்காட்டில் எப்படி வளர்ப்பது?

சேர்வராயன்_சரிவு:
பையில் 25 ஓசேஜ் ஆரஞ்சு நாற்று இருக்குங்க (சாப்பிடுற ஆரஞ்சு இல்லை, வில் செய்யப் பயன்படும் அமெரிக்க மரம்), ஓர் அடி உயரம். வில் செய்யத்தான் வளர்க்கிறேன், வேலிக்கு இல்லை. இடம் காபித் தோட்ட ஓரம், சில்வர் ஓக் நிழல் விழும் சரிவு. சேலத்தில் கீழேயும் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. இடைவெளி எவ்வளவு, கவாத்து எப்போ, எத்தனை வருஷத்தில் வெட்டலாம்?

நாற்றங்கால்:
முதல்ல அந்த நிழலை விட்டு வெளியே கொண்டு வாங்க. இது டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் ரெட் ரிவர் ஆற்றுப்படுகையைச் சேர்ந்த மரம், முழு வெயில் கேட்கும். நிழலில் வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளரும். சாய்ந்த தண்டைப் பிளந்தா துண்டு திருகிக்கும், வில்லுக்கு ஆகாது.

ஜூன் மழை பிடிச்சதும் நடுங்க. குழி 1.5 அடி ஆழம், தண்ணி தேங்காத இடம். பைக்குள் வட்டமா சுருண்ட வேரைக் கத்தரிச்சுட்டு வைங்க. இடைவெளி 5 அடி போதும். தள்ளித் தள்ளி வெச்சா பக்கக் கிளை பரப்பிப் புதராகிடும். நெருக்கினாத்தான் மேலே ஓடும். பிறகு கோணலானதைக் கழிச்சுக்கலாம்.

இனி முக்கியமான வேலை. முதல் 2 வருஷம் கத்தியே வைக்காதீங்க, வேர் பலப்படட்டும். மூணாவது வருஷம் பிப்ரவரியில், கோணலா இருக்கும் செடியை எல்லாம் தரையோடு வெட்டிடுங்க. கோடை மழைக்குப் பல துளிர் வரும். நேரா, தடிப்பா இருக்கிற ஒண்ணை மட்டும் விட்டு மிச்சத்தை ஒடிச்சு எடுங்க. பலமான வேரிலிருந்து வர்ற துளிர் அம்பு மாதிரி போகும். அதில் 7 அடி வரைக்கும் பக்கத் துளிரைப் பென்சில் தடிமன் ஆவதற்குள் கிள்ளணும். விட்டா அந்த இடத்தில் கணு விழும். ஒரே தடவையில் மூணில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்காதீங்க. இலைக்காம்பு ஓரத்தில் முள் இருக்கும், பாலும் வடியும்; கையுறை, கண்ணாடி போட்டுக்கங்க.

இழுவைக்கத்தி:
அடுத்து வெட்டுறது. தண்டு 5, 6 அங்குல விட்டம் வரணும். 10 வருஷத்துக்கு முன்னாடி எதிர்பார்க்காதீங்க. வெட்டும் முன் பட்டையைப் பாருங்க. பட்டைப் பிளவுகள் சுத்திச் சுத்தி ஏறினா உள்ளே நாரும் அப்படியே முறுக்கிப் போகும். நேரா ஏறுற மரமா எடுங்க.

வெட்டின அன்னைக்கே இரண்டு முனைக்கும் கெட்டியா மரப்பசை பூசி, ஆப்பு வெச்சுப் பிளந்துடுங்க. ரம்பத்தால் அறுத்தா நார் அறுபடும். பட்டையோடு விட்டா வண்டு துளைக்கும். பட்டையும் வெள்ளையும் (பட்டைக்கு அடியில் இருக்கிற வெளிர் மரம்) சீவி எடுத்து, தெரியுற வைரத்துக்கு (உள்ளே இருக்கிற கெட்டி மரம்) உடனே அரக்கு வார்னிஷ் அடிக்கணும், இல்லேன்னா முதுகு (வில்லில் எய்பவருக்கு எதிர்ப்புறம் வரும் பக்கம்) முழுக்க வெடிப்பு. ஏற்காட்டு மூடுபனியில் முழுசா காயாது. நேரா சேலம் வெயிலுக்குக் கொண்டு வந்தாலும் வெடிக்கும். ஒரு வருஷம் மேலே நிழலில், அப்புறம் சில மாசம் கீழே காற்றோட்டமான அறையில்.

வில்லின் முதுகு ஒரே ஆண்டு வளையமா இருக்கணும். மஞ்சள் வைரத்தைச் சீவும்போது ஓட்டை ஓட்டையா, கத்தி நறநறன்னு போற பகுதி பருவ ஆரம்பத்து மரம். அதுக்கு அடியில் வழுவழுன்னு கெட்டியா வர்றதுதான் முதுகு. அதில் ஒரு இடம் வெட்டுப்பட்டு அடுத்த வளையம் தெரிஞ்சா, வில் அங்கேதான் ஒடியும்.

இந்த மரம் தன் ஊரில் குளிருக்கு இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். வளையம் பிரியறது அதனால்தான். நம்ம ஊரில் அந்த அளவுக் குளிர் கிடையாது, வளையம் தெளிவா விழாமலும் போகலாம். அதனால பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் நட்டு, கழிக்கிற மரத்தின் வெட்டுமுகத்தைத் தேய்ச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

சேர்வராயன்_சரிவு:
ரொம்ப நன்றிங்க. இன்னும் கொஞ்சம் விதையை அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

நாற்றங்கால்:
அப்படிச் செய்யாதீங்க. தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003 படி இறக்குமதி அனுமதியும் நோய், பூச்சி இல்லைங்கிற அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் வேணும். முறைப்படி வந்த விதையை 48 மணி நேரம் தண்ணியில் ஊற வெச்சு விதைச்சா முளைக்கும். ஆண், பெண் மரம் தனித்தனி, நாற்றில் தெரியாது. பெண் மரம் காய்ச்சா, விதை ஓடையில் இறங்காம காயைப் பொறுக்கிடுங்க.

இன்னொண்ணு: ஏற்காட்டில் மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி கேட்கணும். நட்ட தேதி, எண்ணிக்கையை இப்பவே எழுதி, படம் எடுத்து வெச்சுக்கங்க.