கொரோனா சாவுக் கணக்கு: பதிவேடுகளைப் புரட்டும்போது எதிர்ப்படுபவை

மிகை மரணம், அதாவது வழக்கமாக நடப்பதைவிடக் கூடுதலாக நடந்த சாவுகள், என்றதும் 2021 மே மாதப் பதிவுகளிலிருந்து முந்தைய ஆண்டுகளின் மே சராசரியைக் கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் தேதியைப் பாருங்கள். இறந்த தேதி வேறு, பதிவு செய்த தேதி வேறு. 21 நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். ஊரடங்கில் அது நடக்கவில்லை. பதிவுத் தேதியை வைத்துப் பிரித்தால், அலை அடங்கிய பிறகு சாவு கூடியதுபோலத் தெரியும். இறந்த தேதிப்படி அடுக்குங்கள். தாமதப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஓராண்டு கழித்து அதே பட்டியலை மறுபடி எடுங்கள்.

* * *

முதலில் பேசிய சார் சொன்ன தேதியோடு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். திருவள்ளூர்க்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தால் சென்னைக் கணக்கு. அதைச் சென்னை மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் ஊதிவிடும். முகவரியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு 444 சென்னை மரணங்களைப் பின்னால் சேர்த்தது. மாநகராட்சி இறப்புப் பதிவேட்டில் இருந்தும் மாநிலக் கொரோனாப் பட்டியலில் ஏறாதவை அவை. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒன்றில் ‘முத்துலட்சுமி’, மற்றதில் ‘எம். முத்துலக்ஷ்மி’ என்று இருக்கும். வயது, தெரு, இறந்த நாள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

* * *

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நூறு சாவில் எத்தனை பதிவாகிறது என்பது. உதாரணத்துக்கு, முன்பு 80 சதவீதம் பதிவான மாவட்டத்தில் 800 பதிவு என்றால் உண்மையில் 1,000 சாவு. பெருந்தொற்று ஆண்டில் 1,350 பதிவு. பதிவு வீதம் 90 சதவீதமாக ஏறியிருந்தால் 1,500 சாவு, மிகை 500. நேரடியாகக் கழித்தால் 550 வரும். அதே வீதம் 70 சதவீதமாக இறங்கியிருந்தால் மிகை 900-ஐத் தாண்டும். பதிவேடு ஒன்றுதான், விடை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

நாட்டளவிலும் இதே கதைதான். பதிவான இறப்புகள் 2019-இல் சுமார் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் 102 லட்சம். ஏற்றத்தில் எவ்வளவு கொரோனா, எவ்வளவு பதிவு மேம்பாடு என்பதில்தான் சண்டை. 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 47 லட்சம் மிகை மரணம் என்றது. அரசின் கொரோனா மரணக் கணக்கு 4.8 லட்சம். ஒற்றை எண்ணை மட்டும் சொல்லும் மதிப்பீட்டை நான் ஏற்பதில்லை. எந்தப் பதிவு வீதத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

* * *

சாவுக்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் காரணச் சான்றிதழை வைத்து எண்ண வேண்டாம். முதல் வரியில் ‘இதயம் நின்றது’ என்று எழுதி, அடிப்படைக் காரணத்துக்கான வரியைக் காலியாக விட்டிருப்பார்கள். வீட்டில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சான்றிதழே இருக்காது.

* * *

அதனால்தான் வீடு வீடாகக் கேட்கிறோம். ‘இங்கே யாராவது இறந்தார்களா?’ என்று தொடங்கினால் பாதி விடுபடும். ஊரடங்குக்கு முந்தைய பொங்கலுக்கு வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவராக இப்போது எங்கே என்று கேளுங்கள். தனியாக வாழ்ந்து இறந்த முதியவரின் வீடு பூட்டிக் கிடக்கும், பதில் சொல்ல ஆளிருக்காது. பூட்டிய வீட்டைத் தாண்டிப் போகாமல் பக்கத்து வீட்டில் விசாரித்து, தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மயானப் பதிவேட்டோடு பிறகு ஒப்பிட அந்தத் தாள்தான் உதவும்.