புதுப்பிப்பு: ஃபோன் படங்கள் கணினிக்கு வந்துவிட்டன

ஃபோனைக் கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, படங்கள் தெரியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வில்லன் கேபிள்தான். சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டுமே இருக்கும், தரவுக்கான கம்பியே இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரரிடம் “டேட்டா கேபிள்” என்று கேட்டு வாங்குங்கள்.

புதுக் கேபிளைச் செருகியதும் ஃபோனின் லாக்கைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் யூஎஸ்பி அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ கொடுத்தேன். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பெரும்பாலும் சார்ஜிங்கில்தான் நிற்கும், நாம்தான் மாற்ற வேண்டும்.

கேமரா படங்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருந்தன. சரி, வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படங்கள் எங்கே? அவை ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் என்று ஆழத்தில் கிடக்கின்றன. அங்கேயும் பாருங்கள்.

‘கட்’ செய்து ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் துணிவில்லை, நடுவில் கேபிள் ஆடினால் யார் பொறுப்பு? ‘காப்பி’தான் செய்தேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கணினியில் படங்களைத் திறந்து பார்த்த பிறகே ஃபோனில் அழித்தேன்.

அப்புறம், ஐஃபோன் பற்றிக் கேட்டவருக்கு: அமைப்புகளில் ‘ஃபோட்டோஸ்’ பகுதியின் கடைசியில் ‘ஆட்டோமேட்டிக்’ வைத்தால், ஐஃபோனுக்கே உரிய ஹெச்ஈஐசி (HEIC) வடிவப் படங்கள், கணினிகளில் வழக்கமாகத் திறக்கும் ஜேபெக் (JPEG) வடிவத்துக்கு மாறி வரும்.