"நெட்" சுவிட்ச்: வலையா, சுதியா?

ஹட்டன்:
19ஆம் இலக்க செட்டின் (இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ வானொலி செட்) கையேட்டைத் தமிழாக்கும்போது "நெட்டிங்" என்பதற்கு "வலையமைத்தல்" போடலாமா? ஒரே மீடிறனில் பேசும் நிலையங்களின் கூட்டம்தானே வலை. எடுத்துக்கொண்டது முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் உள்ள கனடாத் தயாரிப்பு.

பண்டாரவளை:
> வலையமைத்தல்
நிலையங்களைக் கூட்டுவதற்கு அது சரி சேர். இந்தச் சுவிட்ச் செய்வது வேறு வேலை. கட்டுப்பாட்டு நிலையம் அலை விட்டுக்கொண்டிருக்கையில் இதைப் பிடித்தால் 465 கிலோஹேர்ட்ஸ் அலையாக்கி (ஒசிலேற்றர்) ஓடத் தொடங்கும். ஹெட்போனில் சீழ்க்கை கேட்கும். பெரிய டயலை மெல்லத் திருப்பினால் சீழ்க்கை இறங்கி, உறுமி, அடங்கும். இன்னும் திருப்பினால் மறுபடி ஏறும். அடங்கிய இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். அனுப்பும்போதும் இதே அலையாக்கியும் ரிசீவரின் உள் அலையாக்கியும் கலந்துதான் மீடிறன் பிறக்கிறது. அதனால் கேட்ட இடத்திலேயே பேசுவோம். தம்புராவில் காது தேடுவதும் இரண்டு ஒலிகளின் அடிப்பு மறையும் அந்தப் புள்ளியைத்தான். "சுதிசேர்ப்பு" என்பது என் முன்மொழிவு.

நுவரெலியா:
சுதி என்றதும் சிலருக்குக் கள்ளுக்கடை ஞாபகம் வரும், அது போகட்டும். டியூனிங்கோடு குழம்பாதா? ஏரியலையும் டியூன் பண்ணுகிறோமே.

பண்டாரவளை:
குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு சொல் கேட்கிறேன். வேரியோமீற்றரை (ஏரியலுக்கான மாற்றத்தக்க சுருளை) திருப்பி, ஏரியல் மின்னோட்டத்தை மீற்றரில் உச்சத்துக்குக் கொண்டுவருவது கண் வேலை; அதற்குப் பாடப்புத்தகத்துப் பரிவு (ரெசொனன்ஸ்) இருக்கிறது, "பரிவாக்கல்" போதும். சுதிசேர்ப்பு முதலில், பரிவாக்கல் பிறகு. மாற்றிச் செய்தால் டயல் நகர்ந்ததும் உச்சம் கலைந்து, அனுப்பும் வலுவைத் தரும் 807 வால்வு வீணாகச் சூடேறும்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: செட் சூடேறும்வரை மீடிறன் நகரும், இருபது நிமிடமாவது விட்டுத்தான் சுதி சேர்க்க வேண்டும். 465 அலையாக்கி விலகியிருந்தாலும் சுதி தவறாது. ஆனால் வரும் அலை, ரிசீவர் அதை மாற்றிப் பெருக்கும் இடை மீடிறன் சுற்றுகளின் உச்சத்துக்கு வெளியே விழுவதால் எதிர்நிலையம் மெலிந்து கேட்கும். ஆட்கள் ஏரியலைக் குறை சொல்வார்கள். மலைநாட்டு ஈரத்தில் கசியும் பழைய கடதாசிக் கொள்ளளவிகளையும் பாருங்கள். மூடியைத் திறக்குமுன் பற்றரியைக் கழற்ற வேண்டும், உள்ளே 500 வோல்ட்டளவு ஓடுகிறது.

ஹட்டன்:
சரி, "வலையமைத்தல்" நிலையங்களுக்கே இருக்கட்டும். உரிமம் இல்லாதவர் அனுப்பக் கூடாது என்ற வரியும் சேர்கிறது. முகப்பில் இடம் குறைவு, சுவிட்சுக்குப் பக்கத்தில் "சுதி" என்று மட்டும் ஒட்டுகிறேன்.