மொய்யைப் போன்ல அனுப்பிட்டா போதாதா? போச்சம்பள்ளிக் கல்யாணமும் என் லீவும்

மத்தூரான்
வைகாசி கடைசி முகூர்த்தத்துல எங்க பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். போச்சம்பள்ளில மண்டபம். நான் பெங்களூரு பொம்மசந்திராவுல மிஷின் ஓட்டறேன். புதன் சாயந்திரம் பொண்ணு அழைப்பு, வியாழன் விடிகாலை முகூர்த்தம். போனா ரெண்டு நாள் சம்பளம் மட்டுமில்ல, அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போயிடும். இந்த வைகாசில மட்டும் எனக்கு ஏழு பத்திரிகை வந்திருக்கு. மொய்யைப் போன்ல அனுப்பிடறேன், ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துக்கறேன்னு சொன்னேன். அம்மா மூணு நாளா எங்கூடப் பேசல. காசு போய்ச் சேருது, மனசார வாழ்த்தவும் செய்யறேன். இதுல தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க.

காரிமங்கலத்தார்
தம்பி, எங்க ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துல முப்பது வருசமா மொய் எழுதறவன் நான். நோட்டுக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல்ல ஊர் பேரு, அடுத்து அப்பன் பேரு, அப்புறம்தான் ஆள் பேரு எழுதுவோம். இப்ப மேசையில ஸ்கேன் பண்ற அட்டையும் ஒட்டி வெச்சிருக்காங்க. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல, ராத்திரி பதினோரு மணிக்கு மேல உக்காந்து போன்ல வந்த பணத்தையெல்லாம் நோட்டுல ஏத்தினோம். வெறும் பேரும் ஆயிரம் ரூபாயும்தான் இருக்கு. அதே பேர்ல எங்க சொந்தத்துல மட்டும் ஆறு பேர். பொண்ணைப் பெத்தவர், பாவம், ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "நீங்க அனுப்பினதுங்களா?"ன்னு கேட்டுட்டு இருந்தாரு. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஆச்சே, யாருதுன்னு தெரியாம எப்படி எழுதறது? மேசைக்கு முன்னாடி ஆள் வந்து நின்னா அந்தக் கேள்வியே இல்ல.

ஓசூர் ஷிப்ட்
ஐயா, மரியாதையாவே சொல்றேன். பேரு குழப்பம்னா அனுப்பும்போதே ஊர் பேரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க, அவ்வளவுதான். அதுக்காக ஒருத்தர் ஒரு மாசத்து போனஸை விடணுமா? நான் ஓசூர்ல ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கறேன். ஒரு கல்யாணம்னா பஸ், புடவை, மொய் எல்லாம் சேர்த்து அந்த வாரச் சம்பளம் காலி. கிருஷ்ணகிரிக்கு ரயிலும் கிடையாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி அத்திப்பள்ளில நின்னு பாருங்க, பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது. இதையெல்லாம் தாண்டிப் போய் இறங்கினா, செருப்பைக் கழட்டறதுக்குள்ள "உனக்கு எப்போ?"ன்னு கேப்பாங்க. போன தடவை ஒரு அத்தை பந்தியில என் இலைக்கு எதிர்லயே நின்னு என் சம்பளம் எவ்வளவுன்னு சத்தமா கேட்டாங்க. வராதவங்களைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, வந்தவங்களை எப்படி வெச்சுக்கறீங்கன்னும் கொஞ்சம் பேசுங்க.

சந்தூர் தோப்பு
வெளியூர்ல இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்னு நினைக்காதீங்க. வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் எங்களுக்குப் பெங்களூரா மாங்காய் இறங்குற நேரம். கூலி ஆள் கிடைக்கற அன்னிக்குத்தான் பறிக்க முடியும். பறிச்சா மாம்பழக் கூழ் பேக்டரிக்கு லோடு போயாகணும். பக்கத்துத் தெரு முகூர்த்தத்துக்கே போக முடியாம, பந்தி முடியற நேரத்துக்கு மாம்பால் கறையோட போய்க் கை நனைச்சுட்டு வந்திருக்கேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ரெண்டு நாள் வேணாம் தம்பி, அரை மணி நேரம் வந்துட்டுப் போனா போதும்.

பென்னாகரத்தான்
நான் வேற ஒண்ணு சொல்றேன். எங்க பக்கம் போர் தண்ணில புளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே நாங்க வளர்ந்துட்டோம். அந்தத் தண்ணியக் குடிச்சுப் பல்லுல பழுப்புக் கறை. தேய்ச்சாலும் போகாது. பெங்களூருல பத்து வருசமா வாயை மூடித்தான் சிரிக்கறேன். இன்டர்வியூல கையை வாய்கிட்ட வெச்சுப் பேசி, "தெளிவா பேசுங்க"ன்னு சொல்ல வெச்சுக்கிட்டவன் நான். எங்க ஊர்க் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. பங்காளிங்க பதினைஞ்சு பேரும் மேடையில வாய் விட்டுச் சிரிச்சிட்டு நிப்போம், எல்லார் பல்லும் ஒரே மாதிரி. சம்பளம் போகுதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அப்படிச் சிரிக்க எனக்கு வேற இடம் கிடையாது. அதனால நான் எந்தக் கல்யாணத்தையும் விடறதில்ல.

ஓசூர் ஷிப்ட்
அண்ணா, உங்களுக்கு அது சந்தோஷம், போறீங்க. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு அந்த மேடை அப்படி இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

காரிமங்கலத்தார்
அந்த ஓசூர்ப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு. அப்படிக் கேக்கறவங்களை நாங்க பெரியவங்கதான் அடக்கணும், அடக்காம விட்டது எங்க தப்பு. மத்தூர் தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும். பெரியப்பா பேத்தின்னீங்க. மகன் பொண்ணா, மகள் பொண்ணா?

மத்தூரான்
மகள் பொண்ணுங்க. அக்கா பொண்ணு.

காரிமங்கலத்தார்
அக்காவுக்குக் கூடப் பொறந்த தம்பி இருக்காரா?

மத்தூரான்
இல்லீங்க. பெரியப்பாவுக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது.

சந்தூர் தோப்பு
அப்ப நீதான்யா தாய்மாமன்! முதல்லயே சொல்ல வேணாமா? நான் சொன்ன அரை மணி நேரக் கணக்கு உனக்குச் செல்லாது, வாபஸ் வாங்கிக்கறேன்.

மத்தூரான்
தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன். லீவு ஒரு காரணம், அவ்வளவுதான். தாய்மாமன் சீர்னா பட்டுப் புடவை, மோதிரம், தட்டு வரிசை. போன வருசம் வீட்டுக்குத் தளம் போட்ட கடன் இன்னும் நிக்குது. மாப்பிள்ளை வீட்டாளுங்க எதிர்ல ரெண்டு தட்டைத் தூக்கிட்டு நான் வந்தா அக்காவுக்குத்தான் அசிங்கம். வராம இருந்துட்டா லீவு கிடைக்கலன்னு போயிடும்.

ஓசூர் ஷிப்ட்
இதைத்தான் நானும் சொல்றேன். வர மனசு இல்லாம யாரும் நிக்கறதில்ல. வந்தா இவ்வளவு செய்யணும்னு வெச்சிருக்கீங்களே, அதுதான் ஆளை நிறுத்துது. ஆனா அண்ணா, உங்க விஷயத்துல மட்டும் நான் கட்சி மாறறேன். நீங்க வரலன்னா அந்த இடத்துல யாரை நிக்க வெப்பாங்க? லீவு இல்லன்னு பொய் சொல்றதுக்கு முன்னாடி உங்க அக்காகிட்ட நேராப் பேசுங்க.

காரிமங்கலத்தார்
பத்துத் தட்டு வந்ததையும் பார்த்திருக்கேன், ஒரு தட்டுல தேங்காய், பழம், வெத்தலைபாக்கு, நூல் புடவையோட வந்த மாமனையும் பார்த்திருக்கேன். அந்தப் பொண்ணு அந்தப் புடவையைத்தான் கட்டிட்டு மணையில உக்காந்துச்சு. மாப்பிள்ளை வீட்டாளுங்க பேசினாங்க, பேசலைன்னு பொய் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பேச்சு இல்ல.

பென்னாகரத்தான்
பேசறவங்க பேசட்டும். போட்டோவுல நீங்க இருக்கணும்.

மத்தூரான்
அக்காவுக்கு இப்பத்தான் போட்டேன். எடுக்கல. ராத்திரி ஷிப்ட் முடிச்சு மறுபடி போடறேன்.