தேக்கா தீம்ல ஆர்ட் ஜர்னல் பக்கம்: சாமான் நிறைய இருக்கு, பக்கம்தான் சேர மாட்டேங்குது

யீஷூன்வாசி:

வணக்கம் மக்களே. ஆர்ட் ஜர்னல் பண்றவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரு ஏ5 நோட்டுல ரெட்டைப் பக்கத்துக்கு ஒரு தீம்னு வச்சு ஸ்டாம்ப், கொலாஜ், கொஞ்சம் டூடுல்னு பண்ணிட்டு வர்றேன். மழை, கோப்பிக்கடை, எம்ஆர்டி இதெல்லாம் ஒரு மாதிரி ஒப்பேத்தியாச்சு. இப்ப தேக்காவுல, அதாவது நம்ம லிட்டில் இந்தியாவுல, வந்து மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

சாமான் என்னமோ நிறைய சேர்ந்துருச்சு. புடவைக்கடைப் பை, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு, தமிழ் முரசு பேப்பர், பழைய கல்யாணப் பத்திரிகை, காய்கறிக்கடை பில்லு, சாம்பிராணி அட்டைப்பெட்டி, அப்புறம் கடையில வாங்குன விளக்கு ஸ்டாம்ப்பும் யானை ஸ்டாம்ப்பும். எல்லாத்தையும் பரப்பி வச்சுப் பாத்தா எங்க புளோக் கீழ லிஃப்ட் பக்கத்துல இருக்குற நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு.

இன்னும் ரெண்டு தொல்லை. ஸ்டாம்ப் குத்தி அதுமேல வாட்டர்கலர் போட்டா கறுப்பு மை கரைஞ்சு சாம்பல் கலர்ல ஓடுது. பசை தடவினா பக்கம் அலை அலையா நெளியுது, மறுநாள் தொறந்தா எதிர்ப்பக்கத்தோட ஒட்டிக்கிட்டு பிச்சுக்கிட்டு வருது. நோட்டுத் தாளோட கனம் 80 ஜிஎஸ்எம்தான். புதுசா வாங்கணும்னா 20 வெள்ளிக்குள்ள முடிச்சுக்கணும், ஏற்கனவே வீட்ல ஸ்டேஷனரிக்கு ஒரு அலமாரியான்னு கேக்குறாங்க. தீபாவளிக்கு முன்னாடி இந்தப் பக்கத்த முடிச்சிரணும், ஐடியா குடுங்க ப்ளீஸ்.

மைக்கறை:

சிஸ், நெளியறதுக்குக் காரணம் பேப்பர். 80 ஜிஎஸ்எம்ங்கிறது எழுதுற பேப்பர், தண்ணி தாங்காது. அடுத்த நோட்டு வாங்கும்போது 200க்கு மேல பாருங்க, வாட்டர்கலர் நிறைய போடுவீங்கன்னா 300. இந்த நோட்டையே முடிக்கணும்னா மூணு தாளை க்ளூ ஸ்டிக்கால ஒண்ணா ஒட்டி ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில வச்சிருங்க, அதுமேல மெல்லிசா ஒரு கோட் ஜெஸ்ஸோ, பெயிண்டுக்கு அடியில பூசுற வெள்ளைப் பூச்சு. வெள்ளைப் பசைய தண்ணி கலந்து தடவுறத விட்ருங்க, பாதி நெளிசல் அதனாலதான்.

மை விஷயம். ஸ்டாம்ப் பேட்ல ரகம் இருக்கு. டை இங்க், அதாவது சாய மை, சீக்கிரம் காயும், ஆனா தண்ணி பட்டா திரும்பக் கரையும், உங்களுக்கு ஓடுறது அதுவாத்தான் இருக்கணும். பிக்மென்ட் இங்க் தாளுக்கு மேலயே உக்காந்திருக்கும், கலர் அழுத்தமா வரும் ஆனா காய நேரம் எடுக்கும், அதுவும் இந்த ஊர்ல சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல, வழவழப்பான தாள்ல குத்தினீங்கன்னா மறுநாளும் விரல்ல ஒட்டும், ஹீட் கன் இல்லேன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. வாட்டர்கலர் மேல போடுறதுக்குன்னு கேட்டா காய்ஞ்சப்புறம் தண்ணில கரையாத ஆர்க்கைவல் இங்க், இல்ல ஸ்டேஸ்ஆன் மாதிரி சால்வென்ட் இங்க். ஸ்டேஸ்ஆன் கொஞ்சம் வாடை அடிக்கும், ஜன்னலைத் தொறந்து வச்சுக்குங்க. எதுவும் வாங்க வேணாம்னா வரிசையை மாத்துங்க, அவ்வளவுதான். மொதல்ல தண்ணியா கலர் வாஷ், நல்லா காய்ஞ்சதும் கொலாஜ், அப்புறம் ஸ்டாம்ப், கடைசியா பேனா. பேனான்னா பிக்மா மைக்ரான் மாதிரி தண்ணி படாத மை. ஆனா அக்ரிலிக் பெயிண்ட் மேலயோ ஆயில் பேஸ்டல் மேலயோ அதை வச்சுத் தேச்சீங்கன்னா முனை அடைச்சுக்கும், அங்க மட்டும் ஜெல் பேனா.

பக்கம் பக்கத்தோட ஒட்டுறது அக்ரிலிக் பெயிண்ட், ஜெல் மீடியம்ங்கிற அக்ரிலிக் பசை இதெல்லாம் தடவுன இடத்துல வர்ற பிரச்சினை. காய்ஞ்ச மாதிரித் தெரியும், நோட்டை மூடி அழுத்தம் குடுத்தா புடிச்சுக்கும். நடுவுல கேக் சுடுறப்ப தட்டுல விரிக்கிற பேக்கிங் பேப்பர் ஒண்ணு வெட்டி வச்சிருங்க, தீர்ந்துச்சு.

அந்த காய்கறிக்கடை பில்ல அப்படியே ஒட்டாதீங்க. தெர்மல் பேப்பர், எழுத்து தானா மங்கி வெள்ளைத் தாளாயிரும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. அதுலயும் லேசர் பிரிண்ட்னா தண்ணிக்குத் தாங்கும், இங்க்ஜெட் ஓடும். முரசுக்கும் இதே கதைதான், நியூஸ்பேப்பர்ல லிக்னின் இருக்கறதால வெளிச்சம் பட்டா பழுப்பாயிரும். பழுப்பு கலர் புடிக்கும்னா ஒரிஜினலையே ஒட்டுங்க, எனக்குப் புடிக்கும்.

மல்லிச்சரம்:

டெக்னிக்கல் எல்லாம் மேல சொல்லிட்டாங்க, நான் தீம் பத்தி மட்டும் சொல்றேன். முழு தேக்காவும் ரெட்டைப் பக்கத்துல அடங்காதுப்பா. ஒரு கடையைப் புடிங்க. நான் பண்ணப்ப பஃபலோ ரோடு பூக்கடைய எடுத்துக்கிட்டேன், வேற எதுவும் இல்ல, சந்தை இல்ல, கோயில் இல்ல, விளக்கு அலங்காரம் இல்ல.

பூக்கடை முன்னாடி நின்னு கொஞ்ச நேரம் கையை மட்டும் பாத்தேன். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பு ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற இடத்துல நூல் ஒரு சுத்து, ஒரு இழுப்பு, முடிச்சு. அந்த முடிச்சுதான் என் டூடுல். 0.1 பேனாவுல பக்கத்தோட இடது மேல மூலைல ஆரம்பிச்சு வளைஞ்சு வளைஞ்சு வலது கீழ வரைக்கும் ஒரே கோடு, அங்கங்க முடிச்சு. மொட்டு ஒவ்வொண்ணையும் வரையல, சின்ன அழிரப்பர்ல ஒரு மொட்டு செதுக்கி வெள்ளை அக்ரிலிக்க ஸ்பாஞ்சால தொட்டு வச்சு குத்திட்டே போனேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட குறைய விழும், அந்த ஏத்தத்தாழ்வுதான் நல்லா இருக்கு. பின்னாடி கரும்பச்சை. இங்க மாலைல ஊதா ஆர்க்கிட் வச்சுக் கட்டுறாங்கல்ல, அதுக்காக ஊதா ஒரே ஒரு இடத்துல. ஆக பச்சை, வெள்ளை, ஊதா, மூணு கலர்தான்.

உங்க லிஸ்ட்ல இருந்து நான் எடுப்பேன்னா புடவைக்கடைப் பைல ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, முரசுல நீளமா கிழிச்ச துண்டு ரெண்டு. கிழிக்கணும், வெட்டக்கூடாது, கிழிச்ச ஓரத்துல வெள்ளை நார் தெரியும் பாருங்க, அது நூலோட சேர்ந்துக்கும். யானை ஸ்டாம்ப்ப எடுத்து உள்ள வைங்க, அது தேக்காவுல எங்க இருக்கு?

அழிரப்பர்அண்ணன்:

மல்லிச்சரம் சொன்ன அழிரப்பர் விஷயத்துக்கு நான் கொஞ்சம் சேத்துக்குறேன், ஏன்னா இதுல நான் பைத்தியம். கடைல வாங்குற ஸ்டாம்ப் எல்லார் நோட்டுலயும் இருக்கும். 1 வெள்ளி அழிரப்பர்ல நீங்களே செதுக்கினா உங்க கிட்ட மட்டும்தான் இருக்கும். லினோ கட்டர்னு செதுக்குற கத்தி இருக்கு, அதுல வி ஷேப் முனை இருந்தாப் போதும், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஓவியச் சாமான் விக்கிற கடைல கேளுங்க. கோட்டுக்கு வெளிப்பக்கம் கத்தியை சாய்ச்சுப் புடிச்சு மலைச்சரிவு மாதிரி வரணும், அடியில குடைஞ்சுட்டீங்கன்னா அழுத்துறப்ப மடிஞ்சு ஒடிஞ்சிரும்.

தமிழ் எழுத்து செதுக்கலாம், ஆனா கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கணும். மண்டையை ஒடைச்சுக்க வேணாம், ட்ரேசிங் பேப்பர்ல 4பி பென்சிலால நேராவே எழுதுங்க, பென்சில் பக்கம் ரப்பர்ல படுற மாதிரி கவுத்து நகத்தால தேய்ங்க, தானா திரும்பி இறங்கிரும். ட, ப, ம எல்லாம் சுலபம். “தேக்கா”வுல ரெட்டைக்கொம்பு சுழி இருக்கு பாருங்க, அது கொஞ்சம் கையைக் கடிக்கும், உள்வட்டத்த மொதல்ல எடுத்துட்டு அப்புறம் வெளிய வாங்க.

செதுக்குன ரப்பர பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வைக்காதீங்க. பிவிசி ரப்பர் பிளாஸ்டிக்கோட சேர்ந்து உருகுன மாதிரி ஒட்டிக்கும். தாள்ல சுத்தி வைங்க.

பூக்கடை வேணாம்னா மாடு போடலாம். ஒரு காலத்துல அந்த வட்டாரமே மாட்டு வியாபாரம் நடந்த எடம், பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு ரெண்டு ரோட்டுப் பேருமே எருமையைத்தான் சொல்லுது, கெர்பாவ் மலாய். இப்பவும் பொங்கல் நேரத்துல கேம்பல் லேன் பக்கம் மாடு கொண்டாந்து கட்டுவாங்க, புள்ளைங்க எல்லாம் வரிசை கட்டி நின்னு பாக்கும். கொம்பு ஒரு ஸ்டாம்ப், கழுத்து மணி ஒரு ஸ்டாம்ப், முடிஞ்சது.

செங்காங்மாமி:

நீங்க எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணப் பத்திரிகைல பிள்ளையார் இருப்பாரு, காலண்டர் அட்டைல முருகனோ லட்சுமியோ இருப்பாங்க. அதுல கத்திரி போட்டு பாதி முகம், பாதி கையின்னு ஒட்டுறத ஒரு தடவை பாத்தேன், எனக்கு மனசு ஒப்பல.

மைக்கறை:

மாமி, ரீசைக்கிள் தொட்டிக்குப் போறதுக்கு நோட்டுல பத்திரமா இருக்குறது மேல் இல்லையா? முழுசா ஒட்டுனா என்ன?

செங்காங்மாமி:

முழுசா ஒட்டுனா சரிதான். ஆனா அதுமேல பேனாவுல கிறுக்குவீங்க, ஸ்டாம்ப் குத்துவீங்க. நான் சாமி படத்த அப்படியே எடுத்து பூஜை அலமாரில வச்சிட்டு ஓரத்துல இருக்குற மாங்கா டிசைன், தங்கக் கலர் கோடு இதை மட்டும் வெட்டிக்குவேன். பத்திரிகையோட நாலு மூலைல மஞ்சள் தடவி இருக்கும்ல, அந்த மூலையை முக்கோணமா வெட்டி ஒட்டினா அழகா இருக்கும். வெளிச்சம் பட்டா மஞ்சள் வெளுத்துரும், நோட்டுக்குள்ளன்னா ஒண்ணும் ஆகாது. சோப்புக் கை மட்டும் படாம பாத்துக்குங்க, செவந்துரும்.

யீஷூன்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாமிக்கு ஸ்பெஷல் நன்றி, அந்த மஞ்சள் மூலை எனக்குத் தோணவே இல்ல. மூணு தாளை ஒட்டி புத்தகத்துக்கு அடியில வச்சாச்சு. பூக்கடையத்தான் எடுத்துக்கப் போறேன், மாட்டை பொங்கலுக்கு வச்சுக்கிறேன் அண்ணே. யானை போயிருச்சு மல்லிச்சரம், விளக்கை மட்டும் விட மனசு வரல, ஒரு ஓரத்துல சின்னதா இருந்துட்டுப் போகட்டுமே? ஒரே ஒரு கேள்வி. இது சிங்கப்பூர்த் தேக்கான்னு தெரியணும், கொடி, மெர்லயன்னு போட்டா டூரிஸ்ட் மேக்னட் ஆயிரும், வேற என்ன போடலாம்?

அழிரப்பர்அண்ணன்:

காசைப் போடுங்க. பூக்காரருக்குக் குடுக்குற சில்லறைதானே. மெல்லிசு தாளைக் காசு மேல வச்சு 6பி பென்சிலைப் படுக்கவச்சு லேசா தேய்ங்க, பதிஞ்சு வரும். 2013ல வந்த வரிசைல 10 காசுல வீவக, அதாவது எச்டிபி, அடுக்குமாடி இருக்கும், 1 வெள்ளில மெர்லயன் அது வேணாம். 10 காசோட மறுபக்கத்தையும் தேய்ங்க, சின்னத்தைச் சுத்தி நாலு மொழில ஊர்ப் பேர் இருக்கும், தமிழ்ல “சிங்கப்பூர்”னு தெளிவா விழும். தேய்ச்ச தாளை வட்டமா வெட்டி அந்த நூல் முடியுற எடத்துல ஒட்டுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி பென்சில் கலையாம இருக்க பிக்சேட்டிவ் ஸ்ப்ரே ஒரு அடி அடிச்சிருங்க, இல்லேன்னா பென்சில் எதிர்ப்பக்கத்துல ஏறிக்கும்.

மல்லிச்சரம்:

10 காசு சூப்பர். விளக்கு இருக்கட்டும், ஆனா வெள்ளைல குத்துங்க, இன்னொரு கலர் வேணாம். மாமியோட மஞ்சள் வேற வருதுல்ல.