தம்பதிகளின் மன அழுத்தத் தரவு: ஆல்ஃபா ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி: கணவன், மனைவி இருவரிடமும் மன அழுத்தத்துக்கு பிஎஸ்எஸ்-10, மீள்திறனுக்கு (கஷ்டத்திலிருந்து மீண்டு வரும் திறன்) பிஆர்எஸ் கேள்விப் படிவங்கள் வாங்கியாயிற்று. பிஎஸ்எஸ்ஸில் க்ரோன்பாக் ஆல்ஃபா (ஒரு படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.4-ஐத் தாண்டவில்லை. எங்கே பிசகு?

பதில் 1: பிஎஸ்எஸ்ஸில் 4, 5, 7, 8 நேர்மறைக் கேள்விகள், மற்றவை அழுத்தத்தைக் கேட்பவை. அளவு 0 முதல் 4 என்பதால், அவற்றின் மதிப்பெண்ணை 4-லிருந்து கழித்துத் திருப்பினீர்களா? பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். பிஆர்எஸ்ஸில் திருப்ப வேண்டியவை 2, 4, 6 என்ற எதிர்மறைக் கேள்விகள். அளவு 1 முதல் 5 என்பதால் 6-லிருந்து கழிக்கணும்.

பதில் 2: திருப்பியும் ஏறலைன்னா, படிவம் எப்படி நிரப்பப்பட்டது என்று பாருங்க. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகள் மனசில் இருப்பதை எழுத மாட்டார். தனித்தனியாக நிரப்ப வைப்பது கட்டாயம். “கடந்த ஒரு மாதத்தில்” என்ற சொற்கள் மொழிபெயர்ப்பில் விட்டுப்போகவில்லையே?

பதில் 3: ஒரே வீட்டு இருவரையும் தொடர்பில்லாத ஆட்களாக ரெக்ரஷனில் (ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போடாதீங்க, பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று எடைபோட உதவும் எண்) ஏமாற்றிவிடும். தரவு அட்டவணையில் தம்பதிக்கு ஒரு வரிசை வைத்து ஏபிஐஎம் (ஒருவரின் நிலை தன்னையும் துணையையும் எப்படிப் பாதிக்கிறது என்று சேர்த்துப் பார்க்கும் மாதிரி) ஓட்டுங்க. மனைவியின் அழுத்தம் கணவரின் மீள்திறனோடு தொடர்புடையதா என்பதும் தெரியும்.